கால்பந்து கிளப் உரிமையாளர் வீரர்களுக்குச் செலவிடுவதை எதைக்கொண்டு மதிப்பிடுவது?

வடக்குமேடை:

வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கப்படும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் காலம் முடியும்போதும் ஒரே குற்றச்சாட்டுதான் எழுகிறது: உரிமையாளர் பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், கிளப்பை விற்றுவிட்டுப் போகட்டும். இந்தத் தீர்ப்புக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் அளவுகோல், வாங்கிய வீரர்களுக்குக் கொடுத்த தொகையிலிருந்து விற்ற வீரர்களால் வந்த தொகையைக் கழித்துப் பார்ப்பதே. மிச்சம் பெரிதாக இருந்தால் நல்ல உரிமையாளர். சிறிதாக இருந்தால் கஞ்சர்.

இந்த அளவுகோல் எனக்கு நம்பிக்கை தரவில்லை. 2018 கோடையிலும் 2019 ஜனவரியிலும் இங்கிலாந்துக் கிளப்பான டோட்டன்ஹாம் ஒரு வீரரைக்கூட வாங்கவில்லை. புதிய மைதானம் கட்டி முடிக்கப்படும் நேரம் அது. ஆனால் அந்தப் பருவத்தில்தான் அவர்கள் ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிவரை சென்றார்கள். மறுபுறம், மான்செஸ்டர் யுனைடெட் 2016-இல் 8.9 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய போக்பா, 2022-இல் ஒப்பந்தம் முடிந்து, கிளப்புக்கு ஒரு காசும் திரும்பக் கிடைக்காமல் வெளியேறினார். 2013-க்குப் பிறகு அந்தக் கிளப் லீக் பட்டத்தையும் வெல்லவில்லை. செலவைக் கொண்டு மட்டும் உரிமையாளரை எடைபோட்டால் இந்த இரண்டையும் எப்படி விளக்குவது? வேறு எதைப் பார்க்கவேண்டும் என்று இங்குள்ளவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

பேரேடு:

முதலில் பார்க்கவேண்டியது சம்பளப் பட்டியல். டிரான்ஸ்ஃபர் தொகை செய்தித்தாளின் தலைப்பில் வருவதால் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. சம்பளமோ ஆண்டறிக்கையில் ஒரே வரியாக அடங்கிவிடுகிறது. ஆனால் பொருளியலாளர் ஸ்டீஃபன் சிமான்ஸ்கி இங்கிலாந்து கிளப்புகளின் பல ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்தபோது, ஒரு கிளப் நீண்ட காலத்தில் எந்த இடத்தில் முடிக்கும் என்பதோடு சம்பளச் செலவு மிக நெருக்கமாக ஒத்துப்போவதையும், டிரான்ஸ்ஃபர் செலவு அந்த அளவுக்கு ஒத்துப்போகாததையும் கண்டார். இதற்கான காரணம் எளிது. டிரான்ஸ்ஃபர் தொகையை இரண்டு கிளப்புகள் பேரம் பேசி முடிவுசெய்கின்றன. அதில் அவசரம், போட்டி, முகவர்களின் சாமர்த்தியம் எல்லாம் கலந்திருக்கும். சம்பளமோ, பலரும் கேட்கும் ஒரு வீரரைத் தொடர்ந்து வைத்திருக்கக் கொடுக்கவேண்டிய விலை.

2018 ஜனவரியில் அலெக்சிஸ் சான்செஸ் ஆர்செனலிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். மிகிதார்யான் எதிர்த்திசையில் சென்றதால் டிரான்ஸ்ஃபர் தொகையே கைமாறவில்லை. வடக்குமேடை சொன்ன அளவுகோலில் இது செலவே இல்லாத ஒப்பந்தம். ஆனால் அவருக்குத் தரப்பட்ட சம்பளம், மற்ற வீரர்கள் தங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தபோது தொடக்கப் புள்ளியாக மாறியது. 2019-இல் அவரை இன்டர் மிலானுக்குக் கடனாக, அதாவது சில காலம் அங்கே ஆட, அனுப்பியபோதும் சம்பளத்தில் ஒரு பகுதியை யுனைடெட்தான் கட்டியது.

அடுத்தது, டிரான்ஸ்ஃபர் தொகை கணக்கேட்டில் எப்படி ஏறுகிறது என்பது. பத்துக் கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒரு வீரரை வாங்கினால், அந்த ஆண்டின் செலவாகப் பத்துக் கோடியும் எழுதப்படுவதில்லை. ஆண்டுக்கு இரண்டு கோடி என்று பிரித்து எழுதப்படும். 2023 ஜனவரியில் செல்சி, என்சோ பெர்னாண்டசை 10.68 கோடி பவுண்டுக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியதன் உட்பொருள் இதுதான். ஐந்தாண்டாக இருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.1 கோடி விழும். எட்டரை ஆண்டானால் 1.3 கோடிக்கும் குறைவு. அவ்வாண்டுக் கோடையிலேயே ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ, எவ்வளவு நீண்ட ஒப்பந்தமாக இருந்தாலும் ஐந்தாண்டுக்கு மேல் பிரித்து எழுதக்கூடாது என்று விதி வகுத்தது. டிசம்பரில் இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகும் அதைப் பின்பற்றியது. ஆகவே இன்று ஓர் உரிமையாளர் தாராளமாகச் செலவிடுகிறார் என்று நாம் கொண்டாடும் தொகையின் பெரும்பகுதி, அடுத்த நான்கைந்து ஆண்டுகளின் கணக்கில் ஏற்றப்பட்டிருக்கும்.

பழையகொடி:

பேரேடு எழுதியது அனைத்தும் சரியாகவே இருக்கட்டும். ஆனால் ரசிகர் மைதானத்துக்கு வருவது ஆண்டறிக்கை படிக்க அல்ல. ஜாக் வாக்கர் என்ற எஃகு வணிகர் தம் சொந்தப் பணத்தை இறைக்காமல் இருந்திருந்தால், பிளாக்பர்ன் போன்ற ஒரு சிறிய ஊரின் கிளப் 1995-இல் இங்கிலாந்தின் வாகையர் ஆகியிருக்குமா? 2003-இல் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ராமோவிச் வந்திராவிட்டால் செல்சியும், 2008-இல் அபுதாபியின் ஷேக் மன்சூர் வந்திராவிட்டால் மான்செஸ்டர் சிட்டியும் இன்று எங்கே இருந்திருக்கும்? ஏற்கெனவே பெரிய வருவாய் உள்ள கிளப்புகள் மட்டுமே வரவுக்குள் செலவிட்டு வெல்ல முடியும். மற்றவர்களுக்கு மேலே ஏற ஒரே ஏணி, நட்டத்தைத் தாங்கத் தயாராக இருக்கும் ஓர் உரிமையாளர்தான். பிளாக்பர்ன் 1999-இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது உண்மை. அந்தக் கோப்பையை அதற்காக எவரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

பேரேடு:

நட்டத்தைத் தாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. அந்த நட்டம் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதே என் கேள்வி. நீங்கள் குறிப்பிட்ட மூவரையும் ஒரே வரிசையில் வைக்க முடியாததும் அதனால்தான்.

மான்செஸ்டர் சிட்டியில் உரிமையாளரின் பணம் பங்கு முதலாகச் சேர்ந்தது. தொடக்கத்தில் கொடுத்த கடனையும் அவர்கள் பங்காக மாற்றிக்கொண்டார்கள். அது திரும்பக் கேட்க முடியாத பணம். செல்சியில் அப்ராமோவிச் கொடுத்தது பெயரளவில் கடன். ஏறத்தாழ 150 கோடி பவுண்டுவரை சேர்ந்திருந்தது. அவர் கேட்கமாட்டார் என்ற நம்பிக்கையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடின. 2022-இல் பிரிட்டன் அரசு அவர்மேல் பொருளாதாரத் தடை விதித்ததும், அந்தக் கிளப் ஒரே வாரத்தில் புதிய வீரரை வாங்கவோ, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவோ, புதிதாக நுழைவுச்சீட்டு விற்கவோ முடியாமல் நின்றது. அந்தக் கோடையில் ருடிகரும் கிறிஸ்டென்சனும் ஒப்பந்தம் முடிந்து தொகை ஏதுமின்றி வெளியேறினார்கள். கிளப்பை 250 கோடி பவுண்டுக்கு வாங்க ஆள் கிடைத்ததும், அப்ராமோவிச் கடனைத் திரும்பக் கேட்காததும் செல்சியின் நல்வாய்ப்பு. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

கிளேசர் குடும்பம் வேறொரு வகை. 2005-இல் 79 கோடி பவுண்டு மதிப்பில் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியபோது, அதற்குப் பெற்ற கடனின் பெரும்பகுதியை, அதுவரை கடனே இல்லாதிருந்த கிளப்பின் பெயரிலேயே ஏற்றினார்கள். அதன் பிறகும் அந்தக் கிளப் வீரர்களுக்குத் தாராளமாகவே செலவிட்டது. ஆனால் அந்தச் செலவும், உரிமையாளர்கள் வாங்கிய கடனுக்கான வட்டியும் கிளப்பின் வருவாயிலிருந்தே சென்றன. அவர்களைக் கஞ்சர்கள் என்பது பொருந்தாத வசை. கொடுத்ததைவிட எடுத்தது எவ்வளவு என்பதுதான் அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி.

ஆக, ஆண்டறிக்கையில் மூன்று விதமாகத் தெரியும் இந்தப் பணம், டிரான்ஸ்ஃபர் பட்டியலில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

ஓரக்கோடு:

வாக்கர்களையும் மன்சூர்களையும் நினைவில் வைத்திருப்பவர்கள், பாதி வழியில் மனம் மாறியவர்களை எளிதில் மறந்துவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். மலகாவை 2010-இல் கத்தாரைச் சேர்ந்த அரச குடும்பத்தினர் ஒருவர் வாங்கி, பெரும் வீரர்களைக் கொண்டுவந்தார். 2012-இல் சம்பளம் கொடுப்பதில் தாமதம் தொடங்கியது. கசோர்லா ஆர்செனலுக்கு விற்கப்பட்டார். 2013-இல் அந்த அணி சாம்பியன்ஸ் லீக் காலிறுதிவரை சென்றதை, எஞ்சியிருந்த வீரர்களின் சாதனை என்றே சொல்வேன். 2023-இல் அவர்கள் ஸ்பெயினின் மூன்றாம் நிலைக்கு இறங்கினார்கள். ரஷ்யாவின் அன்ஜி, 2011-இல் சாமுவேல் எட்டோவை உலகிலேயே மிக உயர்ந்த சம்பளங்களில் ஒன்றுக்குக் கொண்டுவந்தது; 2013-இல் உரிமையாளர் கெரிமோவ் செலவை வெட்ட முடிவெடுத்ததும் சில வாரங்களில் அணியே விற்பனைக்கு வந்தது; அடுத்த ஆண்டே அந்தக் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

இவற்றிலெல்லாம் வியப்பானது சீனாவின் ஜியாங்சு. 2020 நவம்பரில் லீக் வாகையர்; 2021 பிப்ரவரியில் கிளப்பே செயல்பாட்டை நிறுத்திவிட்டது. அதன் உரிமையாளரான சுனிங் குழுமமே இன்டர் மிலானையும் வைத்திருந்தது. அங்கும் 2021-இல் பட்டம் வென்ற கையோடு லுகாகுவையும் ஹகீமியையும் விற்றார்கள். பின்னர் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் 2024-இல் கிளப்பே கடன் கொடுத்த நிறுவனத்தின் கைக்குப் போனது. உரிமையாளரின் மூலத்தொழில் தள்ளாடும்போது அதன் முதல் அதிர்வு தெரிவது வீரர்களின் சம்பள நாளில்தான்.

மூன்றாம்பாதி:

கோடீஸ்வரர் இல்லாமலேயே இந்தப் பள்ளத்தில் விழலாம் என்பதற்கு லீட்ஸ் யுனைடெட் இருக்கிறது. 2000-இல் ரியோ பெர்டினாண்டை 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். எதிர்கால நுழைவுச்சீட்டு வருவாயை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கடன் பெற்றார்கள். ஆண்டுதோறும் சாம்பியன்ஸ் லீகில் ஆடுவோம் என்ற அனுமானத்தின் மேல் அந்தத் திட்டம் நின்றது. 2001-இல் அரையிறுதிவரை சென்றவர்கள் அதன்பிறகு தகுதி பெறவில்லை. 2004-இல் கீழிறங்கி, 2007-இல் மூன்றாம் நிலைக்கும் போய், பிரீமியர் லீகுக்குத் திரும்ப 2020 ஆகிவிட்டது. கீழிறங்கும் அபாயம் உள்ள லீக்குகளில் உரிமையாளர்கள் அளவுமீறிச் செலவிடுவதற்குப் பேராசையைவிட அச்சமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கீழிறக்கமே இல்லாத, சம்பளத்துக்கு லீகே உச்சவரம்பு வைத்திருக்கும் அமெரிக்காவின் எம்எல்எஸ் உரிமையாளர்களிடம் அந்தப் பதற்றம் இல்லை. அங்கு வரம்புக்கு வெளியே ஒரு சில நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ள 2007-இல் டேவிட் பெக்கமுக்காகவே ஒரு விதி வந்தது. அதற்குமேல் எவரும் தங்களை அழித்துக்கொள்வதில்லை.

இங்கிலாந்தின் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் நிலைமை நேர்மாறு. மொத்த வருவாயைவிட மொத்தச் சம்பளமே அதிகமாக இருந்த பருவங்கள் அங்கு பல. பிரீமியர் லீக் ஒளிபரப்புப் பணம் ஒரு படி மேலே இருக்கிறது. அதை எட்டிவிட்டால் எல்லாக் கணக்கும் நேராகிவிடும் என்று ஒவ்வோர் உரிமையாளரும் நம்புகிறார். 2019-இல் ஆஸ்டன் வில்லாவும் டெர்பியும் பிரீமியர் லீகுக்கு ஏறுவதற்கான தகுதிச்சுற்று இறுதியில் மோதின. இரண்டும் அளவுமீறிச் செலவிட்ட கிளப்புகள். டெர்பியின் உரிமையாளர் கிளப்பின் மைதானத்தையே தம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றுக் கணக்கைச் சரிக்கட்டியிருந்தார். வென்ற வில்லா ஐந்தாண்டுகளில் சாம்பியன்ஸ் லீகுக்கு வந்தது. தோற்ற டெர்பி 2021-இல் திவால் நிர்வாகிகளின் கையில் போய், 21 புள்ளிகளை இழந்து, மூன்றாம் நிலைக்கு இறங்கியது. அந்த ஆட்டம் 2-1 என்று முடிந்தது. வில்லாவின் உரிமையாளர்களைத் தொலைநோக்குடையவர்கள் என்றும் டெர்பியின் உரிமையாளரைப் பொறுப்பற்றவர் என்றும் நாம் சொல்வதற்கு அந்த ஒரு கோல் எவ்வளவு உதவியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வடக்குமேடை:

அப்படியானால் விற்று வாங்கும் கிளப்புகளை எப்படிப் பார்ப்பது? பிரைட்டன் தன் சிறந்த வீரரை ஆண்டுதோறும் விற்கிறது. ஒரு ரசிகராக அது எனக்குக் கசக்கத்தான் செய்யும்.

பேரேடு:

பிரைட்டனின் உரிமையாளர் டோனி புளூமை வெறும் வணிகர் என்று தள்ளிவிட முடியாது. 2009-இல் பொறுப்பேற்றவர், மைதானம் கட்டவும் கிளப்பை நடத்தவும் பல ஆண்டுகள் வட்டியில்லாக் கடனாகத் தம் பணத்தைக் கொட்டினார். விற்பனை லாபம் பின்னாளில்தான் வந்தது. மொய்செஸ் கைசெடோவை 2021-இல் 50 லட்சம் பவுண்டுக்கும் குறைவாக வாங்கி, 2023-இல் 10 கோடிக்கு விற்றதும், நிபந்தனைகள் நிறைவேறினால் மேலும் 1.5 கோடி கிடைக்குமாறு எழுதியதும் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது, விற்பனைக்கு முன்பே மாற்று வீரரைக் கண்டுவைத்திருக்கும் அவர்கள் பழக்கம். 2022 ஆகஸ்டில் குக்குரெல்லா செல்சிக்குப் போனார். அதே மாதத்தில் இடதுபுறத் தற்காப்புக்கு எஸ்துபிஞான் வந்துசேர்ந்தார்.

விற்ற பணம் எங்கே போனது என்பதைப் பொறுத்தே விற்பனை நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். லிவர்பூல் 2018 ஜனவரியில் கோட்டின்யோவை 14.2 கோடி பவுண்டுவரை பெறும் ஒப்பந்தத்தில் பார்சிலோனாவுக்கு விற்றது. அதே மாதம் வான் டைக் 7.5 கோடிக்கும், கோடையில் கோல்காப்பாளர் அலிசன் 6.5 கோடிக்குச் சற்று மேலும் கொடுத்து வாங்கப்பட்டார்கள். 2019-இல் சாம்பியன்ஸ் லீக், 2020-இல் லீக் பட்டம். இந்த மூன்று பேரங்களை மட்டும் எடுத்தால், உங்கள் நிகரக் கணக்கில் லிவர்பூல் உரிமையாளர்கள் ஏறத்தாழ ஒன்றுமே செலவிடவில்லை. ஆனால் சம்பளப் பட்டியல் ஆண்டுக்காண்டு உயர்ந்துகொண்டே போனது. இருந்த நல்ல வீரர்களின் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டன. அதைச் செலவாக எண்ணாதவர்கள்தான் அவர்களைக் கஞ்சர்கள் என்றார்கள்.

பழையகொடி:

அதே கோட்டின்யோவை வாங்கிய பக்கத்தில் உரிமையாளரே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பார்சிலோனா உறுப்பினர்களின் கிளப். பணக்காரர்களின் மனமாற்றத்தைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கும் நீங்கள், உரிமையாளரே இல்லாத கிளப் எப்படி அந்த நிலைக்குப் போனது என்பதையும் விளக்கவேண்டும்.

ஓரக்கோடு:

நியாயமான கேள்வி. 2017 ஆகஸ்டில் நெய்மாரை 22.2 கோடி யூரோவுக்கு பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி எடுத்துக்கொண்டபோது, பார்சிலோனாவின் கையில் பெரும் தொகை இருக்கிறது என்பது பேரம் பேச வந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெம்பேலேயும் கோட்டின்யோவும் சில மாத இடைவெளியில், ஒவ்வொருவரும் 10 கோடி யூரோவுக்கு மேல், வாங்கப்பட்டார்கள். 2019-இல் 12 கோடிக்கு கிரீஸ்மன். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்கு ஒரு வீரரின் எட்டாம் ஆண்டுச் சம்பளம் கவலை தருவதில்லை. அவருக்கு முன்னால் நிற்பது அடுத்த தேர்தலும், அந்த வாரம் ரசிகர்கள் எதிர்ப்பாக அசைக்கும் வெள்ளைக் கைக்குட்டைகளும்தான். சொந்தப் பணத்தை இழக்கும் கோடீஸ்வரருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் வலிக்கும். 2021 ஆகஸ்டில் புதிய தலைவர் லபோர்தா, கடன் 135 கோடி யூரோ என்றும், சம்பளம் வருவாயில் 103 சதவீதம் என்றும் அறிவித்தார். ஸ்பெயினின் முதல்நிலை லீகான லா லிகாவின் சம்பள வரம்புக்குள் அடக்க முடியாமல் மெஸ்ஸி அந்த மாதமே வெளியேறினார். அடுத்த ஆண்டு லீக் ஒளிபரப்பு வருவாயில் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு விற்று மறுபடி வீரர்களை வாங்கினார்கள். இதில் பாடம் கற்றதற்கான அறிகுறி எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் உறுப்பினர் உரிமையே குற்றவாளி என்று முடிவுகட்ட வேண்டாம். ஜெர்மனியில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. பயர்ன் மியூனிக்கின் 75 சதவீதம் உறுப்பினர்களுடையது; மிச்சத்தை அடிடாஸ், அவுடி, அலியான்ஸ் மூன்றும் சமமாக வைத்திருக்கின்றன. 2023-இல் ஹாரி கேனுக்கு ஏறத்தாழ 10 கோடி யூரோ கொடுத்தும் அவர்கள் நிலை தடுமாறவில்லை.

பழையகொடி:

ஜெர்மனியில் பயர்ன் தொடர்ந்து பதினொரு முறை பட்டம் வென்றதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். எல்லோரும் வரவுக்குள் செலவிட்டால் வரவு பெரிதாக உள்ளவரே வெல்வார். இங்கிலாந்தின் லாப நட்ட விதியும் அதைத்தான் செய்தது. மூன்றாண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக்கூடாது என்றார்கள். உலகின் மிகப் பெரிய முதலீட்டு நிதியங்களில் ஒன்றைப் பின்னால் வைத்திருக்கும் நியூகாசில், 2024 ஜூன் இறுதியில் எலியட் ஆண்டர்சனையும் மின்டேயையும் விற்கவேண்டியிருந்தது. ஆண்டர்சன் அந்தக் கிளப்பின் இளையோர் அகாடமியில் வளர்ந்தவர். அப்படிப்பட்ட வீரருக்கு ஏட்டில் வாங்கிய விலையே இல்லை என்பதால் விற்பனைத் தொகை முழுவதும் லாபமாக ஏறும். சொந்தமாக வளர்த்த பிள்ளையை விற்பதற்குப் பரிசு தரும் விதியை யார் எழுதினார்கள்?

பேரேடு:

இந்த ஒரு புள்ளியில் பழையகொடியோடு நானும் நிற்கிறேன். நாட்டிங்ஹாம் பாரஸ்டின் வழக்கு இன்னும் விந்தையானது. அவர்கள், கணக்காண்டு முடியும் 2023 ஜூன் 30-க்குள் பிரென்னன் ஜான்சனை விற்றிருந்தால் கணக்கு வரம்புக்கு அருகில் வந்திருக்கும். குறைந்த விலைக்குத் தள்ளிவிடாமல் காத்திருந்து, செப்டம்பர் தொடக்கத்தில் டோட்டன்ஹாமுக்கு 4.5 கோடி பவுண்டுக்கு மேல் விற்றார்கள். உரிமையாளராக அது சரியான முடிவு. விதியின் கண்ணில் தாமதம். நான்கு புள்ளிகள் போயின. எவர்டன் அந்தப் பருவத்தில் இரண்டு தவணையாக மொத்தம் எட்டுப் புள்ளிகளை இழந்தது. அவர்கள் செலவில் எனக்குப் பரிவில்லை. பல ஆண்டுகளாகத் திட்டமே இல்லாமல் வாங்கியவர்கள் அவர்கள்.

நட்டத்தை அளப்பதைவிட, உரிமையாளர் வாக்களித்த பணத்தை முன்கூட்டியே ஒரு வைப்பில் கட்டச் சொல்வது நல்லது என்பது என் கருத்து. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் ஐந்தாண்டுச் சம்பளத்துக்கும் ஈடு இருக்கட்டும். அதன்பின் அவர் எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடட்டும். பழையகொடியின் ஏணியும் அப்படியே இருக்கும்.

வடக்குமேடை:

அதுவரை ஒரு சாதாரண ரசிகர் தன் கிளப்பின் ஆண்டறிக்கையைத் திறந்தால் எங்கே பார்க்கவேண்டும்?

பேரேடு:

சம்பளத்துக்கும் வருவாய்க்கும் உள்ள விகிதத்தை முதலில் பாருங்கள். யூஇஎஃப்ஏ தன் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு, சம்பளம், டிரான்ஸ்ஃபர் தொகையின் ஆண்டுப் பங்கு, முகவர் கட்டணம் மூன்றும் சேர்ந்து வருவாயில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறது. அதை மனத்தில் கொண்டு ஒப்பிடலாம். அடுத்து, உரிமையாளரின் பணம் பங்காக இருக்கிறதா, கடனாக இருக்கிறதா, கடனென்றால் வட்டி உண்டா என்று குறிப்புகளில் தேடுங்கள். கடைசியாக, மற்ற கிளப்புகளுக்கு இன்னும் கட்டவேண்டிய டிரான்ஸ்ஃபர் தவணைகள். அந்த எண்ணை எவரும் பார்ப்பதில்லை. வீரர் வந்து இரண்டாண்டு ஆடி, ஃபார்ம் இழந்து, வேறு கிளப்புக்குக் கடனாகப் போன பிறகும் அவருக்கான தவணை அங்கே நிற்கும்.

பழையகொடி:

பார்க்கிறேன். ஆனால் அந்த எண் எவ்வளவாக இருந்தாலும், ஜனவரியில் ஒரு நடுமுன்கள வீரரை வாங்கச் சொல்லித்தான் கேட்பேன்.